கிடை இறங்கினால் உலை ஏறும் ஊர்

இன்று மத்தியானம் ஒரு வண்டிக்காரன் நனைந்த கம்பளியோடு கடைக்குள் வந்து, அதை என் அடுப்போரச் சுவரில் விரித்துப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். மாத்தளைப் பக்கமிருந்து வருகிறானாம், வழியெல்லாம் மழையாம். கம்பளி சூடேற ஏற அந்த வாடை எழும்பியது. ஈர ஆட்டு மயிரும் பழைய புகையும் மூத்திரமும் கலந்த வாடை. நான் ரசம் தாளித்துக்கொண்டிருந்தேன். பெருங்காயத்தையே அமுக்கிவிட்டு அது மேலே வந்தது. வேறொரு நாளாக இருந்தால் அவனையும் கம்பளியையும் சேர்த்து வெளியே தள்ளியிருப்பேன். என் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். இன்று அவனுக்கு இன்னொரு அகப்பை சோறு போட்டேன். அவன்தான் பயந்துபோனான்.

அது உன் வாடை, கிடைக்காரா. உன்னை நான் முதலில் அறிந்ததே மூக்கால்தான்.

கண்டிக்கு மேலே ஹந்தானையில், துரை பங்களாவின் குசினியில் நான் சமையல் செய்யும் கோக்கியாக இருந்த காலம். மலை முழுக்கக் கோப்பி. பூக்கிற மாதத்தில் பனி பெய்ததுபோல் வெள்ளையாகக் கிடக்கும். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, கண்டிச் சந்தையில் மீன்காரன் முதல் பாண்காரன் வரை எல்லோரையும் அதட்டிக்கொண்டு, நானே பாதித் துரை என்ற நினைப்பில் திரிந்தேன். நாகப்பட்டினத்தில் பிறந்தவன் என்று சொல்லிக்கொள்வேனே தவிர, அங்கே எனக்கென்று ஒரு வாசல்படிகூட இருக்கவில்லை. அதை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமும் வெகுகாலம் கழித்துத்தான் சொன்னேன்.

அன்று மாலை அடுப்பில் புடிங் அவிந்துகொண்டிருந்தது. சன்னல் வழியாக அந்த வாடை உள்ளே வந்தது. எட்டிப் பார்த்தால், விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் நீ உட்கார்ந்திருந்தாய். தலையில் கொங்காணியாக மடித்துப் போட்ட கம்பளி, தோளில் சாய்த்த தொரட்டி. பக்கத்தில் ஒரு மண்சட்டி, கவிழ்த்து வைத்தபடி.

என்ன வேண்டும் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றாய். அப்புறம் இங்கே என்ன வேலை என்று கேட்டேன்.

"கெடை எறங்கிருச்சுங்க. அதான் வந்து ஒக்காந்திருக்கேன்."

பைத்தியம் என்று முடிவு கட்டி, ஒரு விறகுக் கட்டையைக் காட்டி விரட்டினேன். இப்போதும் சொல்கிறேன், அன்று நான் செய்தது சரிதான். துரை பங்களாவின் புறக்கடையில் ஆட்டு வாடையோடு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் கோக்கியின் வேலைதான் போகும். நீ கோபப்படவில்லை. சட்டியை எடுத்துக்கொண்டு போய், கூழ் காய்ச்சிக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டாய். மறுநாள் பொழுது சாய்ந்ததும் அதே கல்லில் வந்து உட்கார்ந்தாய். அதற்கு மறுநாளும் அப்படியே.

பெரிய கங்காணியிடம் முறையிட்டபோதுதான் நீ யார் என்று தெரிந்தது. மாட்டுக் கொட்டிலில் எடுக்கும் எரு போதவில்லை, கன்று நடப்போகும் வெட்டைக் காட்டில் கிடை போட்டு, இரவில் செம்மறிகளைப் படுக்கவைத்தால் மண் தேறும் என்று யாரோ துரைக்குச் சொல்லியிருக்கிறார்கள். கங்காணி தோட்டத்துக்குக் கூலியாள் கட்ட ராமநாதபுரம் பக்கம் போனபோது, மழை பொய்த்து ஆடுகளோடு தவித்துக்கொண்டிருந்த உன்னையும் சேர்த்துக் கூட்டிவந்துவிட்டார். தோணியில் மன்னாருக்கு வந்து, அங்கிருந்து வறண்ட காடெல்லாம் ஆட்டின் நடையில் நடந்து ஏறி வந்திருக்கிறாய். ஆடு உன்னுடையது, எரு துரையுடையது. அதுதான் பேச்சு.

நீ தினமும் வந்து உட்காருவதை ஒருநாள் துரையே பார்த்துவிட்டார். ஏதோ முறைப்பாட்டோடு வந்திருக்கிறாய் என்று நினைத்து, எதையாவது கொடுத்து அனுப்பு என்று என்னிடம் சொன்னார். நானும் பெரிய மனசு பண்ணி, ஒரு துண்டுப் பாண் ரொட்டியும் முந்தின நாள் வாட்டிய ஆட்டிறைச்சியும் கொண்டுவந்து வைத்தேன். அந்த இறைச்சி யார் கிடையிலிருந்து பங்களாவுக்கு விலைக்கு வந்தது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. நீ அதைப் பார்த்தாய். இலையால் மூடி, இரண்டு கையாலும் எடுத்து என்னிடமே திருப்பித் தந்தாய்.

"கெடையில படுத்த ஆட்டயே கெடைக்காரனுக்குப் போடுறது எங்க பக்கம் இல்லீங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டால் எனக்கு வாய்தான் நீளும். வேண்டியதைக் கேட்டு வாங்கித் தொலைய வேண்டியதுதானே என்று கத்தினேன். அப்போதுதான் நீ உங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொன்னாய். எவன் வயலில் கிடை இறங்குகிறதோ அவன் வீட்டு உலையில் அன்று கிடைக்காரனுக்கும் சேர்த்து அரிசி போடுவார்கள். கிடைக்காரன் கேட்க மாட்டான். கண்ணில் படும்படி ஓரமாக வந்து உட்காருவான், அவ்வளவுதான். ஆள் வந்து கூப்பிடும், இல்லையென்றால் சட்டி வரும். கேட்காமல் கேட்பதற்கு எங்கள் பக்கம் வேறு பெயர் என்று நான் கிண்டல் செய்தேன். நீ சிரிக்கவில்லை. "கேட்டு வாங்கினா அது வேற சோறுங்க" என்று மட்டும் சொன்னாய்.

ஒரு சட்டிச் சோற்றுக்கு ஒரு மனிதன் இப்படிப் பிடிவாதம் பிடிப்பானா என்று எனக்கு விளங்கவில்லை. உன் மனைவி விஷயம் தெரிந்த பிறகுதான் விளங்கியது. அவளும் உன் இரண்டு பிள்ளைகளும் கடலுக்கு அந்தப் பக்கம், ஊரில் அவளுடைய அண்ணன் வீட்டில் இருந்தார்கள். வரச் சொல்லி, ஊருக்குப் போன ஓர் ஆளிடம் செய்தி சொல்லி அனுப்பியிருந்தாய். அந்த ஆள் திரும்பி வந்து, எல்லார் முன்னாலும் அவள் பேச்சை அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினான்.

"சோத்துக்குக் கேட்டு நிக்கிற ஊருன்னா நான் வரல. கெடை எறங்குனா ஒல ஏறுற ஊரா ஒண்ணு பாத்துட்டுச் சொல்லு. புள்ளைகளக் கூட்டிக்கிட்டு நடந்தே வர்றேன்."

லயத்தில் குடியிருந்த கூலியாட்கள் சிரித்தார்கள். இந்தச் சீமையில் இவளுக்கு யார் உலை வைக்கப்போகிறார்கள் என்றார்கள். நீ மட்டும் அவள் கேட்டது நியாயம் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாய். அந்த உலை எங்கும் ஏறாவிட்டால் அவள் வரப்போவதில்லை. அவள் வராவிட்டால் நீ உன் ஆடுகளோடு காய்ந்த ஊருக்கே திரும்ப வேண்டும், இல்லையென்றால் இந்த மலையில் தனியாளாகவே கிடந்து சாக வேண்டும். கல்லில் வந்து உட்காரும்போதெல்லாம் உனக்கு இது தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியாமல் போனது.

அன்று மாலை என் பங்குச் சோற்றில் பாதியை உன் சட்டியை நிமிர்த்தி அதில் போட்டேன். பருப்பு, கத்தரிக்காய்ப் பிரட்டல், ஒரு பொரித்த மிளகாய். நீ என் முகத்தைப் பார்த்தாய்.

"இது தொர வீட்டுச் சோறா, ஒங்க சோறா?"

என் சோறு என்றேன்.

"அப்ப இது சிநேகிதச் சோறு" என்று சொல்லி, ஒரு பருக்கை விடாமல் தின்று, பிரட்டலில் புளி கூடிவிட்டது என்று குறையும் சொன்னாய். என் கைப்பக்குவத்தைக் குறை சொன்ன முதல் ஆட்டுக்காரன் நீதான். அதற்குப் பிறகு தினமும் பாதிச் சோறு உனக்கு என்று ஆகிவிட்டது. நீயும் என்னை நீ, வா என்று பேசத் தொடங்கினாய். ஆனால் அது உன் மனைவிக்குச் சொல்லி அனுப்பும் கணக்கில் சேராது என்று நீ சொன்னபோது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சோற்றில் இத்தனை சாதியா என்று கேட்டேன். ஆமாம் என்றாய்.

ஆனியில் மழை பிடித்தது. நீ உன் ஊர்ப் புத்தியில் கிடையை ஓடைக்கரையாகப் பார்த்துப் போட்டிருந்தாய். தண்ணீர் தேடியே பிறந்து வளர்ந்தவனுக்கு, தண்ணீரை விட்டுத் தள்ளிப் படுக்க மனம் வராது. ஹந்தானையில் அது அட்டைகளுக்கு வைத்த விருந்து. குளம்பு அழுகி ஆடுகள் முழங்காலில் நின்று மேய்ந்தன. மூக்குக்குள் ஏறிய அட்டைகளை நீ உப்புத் துணியால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருப்பாய். பங்களா உப்புத்தான், துரைக்குத் தெரியாது. முதலில் உன் ஓடைக்கரைப் புத்தியைச் சொல்லிச் சிரித்தவன் நான். நனைந்து செத்த குட்டிகளை ஒரு காலையில் நீ குழி வெட்டிப் புதைப்பதைப் பார்த்த பிறகு எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

மந்தையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போ என்று இறைச்சிக் கடைக்காரன் இரண்டு தடவை வந்து சொன்னான். கங்காணியும் அதுதான் புத்தி என்றார். நீயோ கோப்பி ஏற்றப் போகும் வண்டிக்காரர்களிடம் போய்ப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாய். ஆற்றுக்கு அந்தப் பக்கம், கிழக்கே திகனைத் திசையில் இந்த மழை இப்படிப் பெய்வதில்லை என்று அவர்களில் ஒருவன் சொல்லியிருக்கிறான்.

"மஞ்சப் புல்லாமே, கோக்கி" என்று வந்து சொன்னாய். கல்யாண விருந்தைப் பற்றிச் சொல்கிறவன் முகம்போல இருந்தது அன்று உன் முகம். சுற்றிலும் பச்சை பிடித்துக் கிடக்கும் மலையில் நின்றுகொண்டு மஞ்சள் புல்லுக்கு ஏங்கிய ஆள் உலகத்தில் நீ ஒருவனாகத்தான் இருப்பாய்.

துரை ஒன்றும் தடுக்கவில்லை. நீ புறப்பட்ட நாளில் எனக்குக் கட்டுகஸ்தோட்டையில் சாமான் வாங்கும் வேலை இருந்தது. இருந்தது என்ன, நானாக உண்டாக்கிக்கொண்டேன். இருவருமாக மந்தையைக் கண்டிக்குள் இறக்கி, கடைக்காரர்களின் வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு, மகாவலிப் பாலத்துக்கு வந்து சேர்ந்தோம். அங்கே உன் மூத்த கிடாய் நின்றுவிட்டது. தோணியில் கடலைத் தாண்டி வந்ததுதான் என்றாலும், காலுக்குக் கீழே சலசலவென்று அவ்வளவு தண்ணீர் ஓடுவதை அது சென்மத்தில் கண்டதில்லை. அது நின்றதும் மந்தை மொத்தமும் பாலத்து வாயில் குவிந்துவிட்டது. பின்னால் கோப்பி மூட்டை வண்டிகள் வரிசையாக நின்றன. தமிழிலும் சிங்களத்திலும் திட்டு விழுந்தது. நீ கொஞ்சிப் பார்த்தாய், கூவிப் பார்த்தாய். கடைசியில் ஒரு பால்குட்டியைத் தூக்கி என் கையில் திணித்து, "நீ முன்னால நட, தாயி வரும்" என்றாய்.

வெள்ளைக் கோட்டோடு, கத்துகிற குட்டியை மார்பில் அணைத்துக்கொண்டு, கட்டுகஸ்தோட்டை முழுக்க வேடிக்கை பார்க்க நான் பாலத்தைக் கடந்தேன். தாய் ஆடு கத்திக்கொண்டே என் பின்னால் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் எல்லாம் வந்துவிட்டன. பாதிப் பாலத்தில் குட்டி என் கோட்டை நனைத்துவிட்டது. அக்கரையில் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அங்கேயே உன்னை விட்டுவிட்டுத் திரும்பினேன். மடவளை வழியாகப் போகும் பாதையில் புழுதி எழும்புவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குப் பங்களாவில் சாப்பாடு பிந்தியது.

சில நாள் கழித்து நீ திரும்பவும் ஹந்தானைக்கு ஏறி வந்தாய். ஆடு இல்லை, தொரட்டியும் இல்லை. பழைய கல்லில் வந்து உட்கார்ந்தாய். என்ன இது, இன்னும் பழக்கம் போகவில்லையா என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தேன்.

"சோறு வந்துருச்சு, கோக்கி."

அவ்வளவுதான் சொன்னாய். பிறகு முகத்தைக் கம்பளியால் மூடிக்கொண்டு அழுதாய். குட்டிகளைப் புதைத்த காலையில்கூட அழாத ஆள்.

அழுது முடித்த பிறகு சொன்னாய். திகனையில் ஒரு சோனக முஸ்லிம் அம்மா, விதவை, புகையிலைத் தோட்டம் வைத்திருப்பவர், ஊரில் எல்லோருக்கும் உம்மா. அங்கே கிடை போடலாமா என்று அவருடைய ஆளிடம் கேட்டிருக்கிறாய், சரி என்றிருக்கிறார்கள். வந்த களைப்பில் அன்று நீ யார் கண்ணிலும் படும்படி போய் உட்காரவில்லை. படல்களை நிறுத்தி ஆடுகளை அடைத்துவிட்டு, ஒரு புளியமரத்தடியில் சாய்ந்துவிட்டாய். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வேலிப் பக்கமிருந்து வாழையிலையால் மூடிய ஒரு சட்டி வந்திருக்கிறது. சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி. நான் கேட்கவில்லையே என்று நீ தடுமாறியிருக்கிறாய். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அந்த அம்மாவே பதில் சொல்லியிருக்கிறார்.

"எங்கட காணியில ராத்தங்கிற மனிசன் பசியோட படுத்தா, எங்களுக்குச் சோறு எறங்குமா? தின்னுட்டுப் படுங்கோ."

உங்கள் பக்கத்து வழக்கம் அவருக்குத் தெரியாது. அவர் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாது. எப்படியோ சட்டி சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. அதை நீ சொல்லச் சொல்ல எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அடுத்து ஊருக்குப் போன ஆளிடம் செய்தி சொல்லி அனுப்பினாய். கோப்பி பறிக்க வரும் ஆட்களோடு சேர்ந்து, சொன்னபடியே உன் மனைவி பிள்ளைகளோடு நடந்து வந்தாள். மாத்தளை வரை போய் நீ கூட்டிவந்தாய் என்று கேள்விப்பட்டு, துரையிடம் ஒரு நாள் லீவு வாங்கிக்கொண்டு நானும் திகனைக்கு வந்தேன். அன்று மாலை படலோரம் அவள் உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியாது. பாதமெல்லாம் வெடிப்பு. மகன் மடியிலேயே தூங்கிவிட்டான். மகள் ஆட்டுக்குட்டிகளுக்குள் நுழைந்து காணாமல் போயிருந்தாள். அந்தி சாய்ந்ததும் உம்மா வீட்டிலிருந்து சட்டி வந்தது, இந்தத் தடவை பெரிய சட்டி. உன் மனைவி அதைத் தொடவில்லை. உன்னைக் கேட்டாலும் நம்பியிருக்க மாட்டாள். அதனால் முன்பின் தெரியாத என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணே, இவரு கேட்டு வாங்குனாரா?"

"இந்த மனுசன் எதையாச்சும் கேட்டு நான் பார்த்ததே இல்ல, தாயி. அதனாலதான் இத்தன நாள் கூழக் குடிச்சிக்கிட்டுக் கெடந்தாரு" என்றேன்.

அவள் மகனைக் கிடத்திவிட்டு எழுந்து, கை கழுவிக்கொண்டு வந்து, தூங்குகிற பிள்ளையை எழுப்பி முதல் உருண்டையை ஊட்டினாள். நீ படலைப் பிடித்துக்கொண்டு ஆடுகளை எண்ணுகிற மாதிரி நின்றாய். எண்ணவில்லை என்று எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் அவள் அண்ணன் வந்தான், அவனோடு இன்னும் இரண்டு குடும்பம் வந்தது. புகையிலைத் தோட்டம், மிளகாய்த் தோட்டம், அறுவடை முடிந்த சிங்களவர் வயல்கள் என்று உங்கள் கிடைகள் தெல்தெனிய வரைக்கும் நகர்ந்து நகர்ந்து போயின. மழைக்காலத்துக்கு எல்லாரும் திகனைக்கே திரும்பி வந்தீர்கள். குடிசைகள் வந்தன. மாரியம்மனுக்கு ஒரு கல் வைத்தீர்கள். ஓர் ஊர் உண்டாவதற்கு அதிகம் தேவையில்லை என்று அப்போதுதான் பார்த்தேன்.

ஹந்தானையில் கோப்பி இலையின் அடியில் நோய் மஞ்சள் பொடியாகப் படர்ந்தது உனக்கு நினைவிருக்கும். முதலில் யாரும் சட்டை பண்ணவில்லை. பிறகு செடி செடியாக இலை கொட்டி, மலையே விறகாக நின்றது. துரை கப்பலேறினார். லயத்து ஆட்கள் ஊருக்கும் வேறு தோட்டங்களுக்குமாகக் கலைந்தார்கள். நான் குசினியில் சட்டிபானைகளைத் துலக்கிக் கவிழ்த்துவிட்டு, எங்கே போவது என்று தெரியாமல் உன் கல்லில் உட்கார்ந்திருந்தேன். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க யாரும் இல்லை. அப்போது நீயும் உன் மனைவியும் மலையேறி வந்தீர்கள்.  அவள்தான் சொன்னாள்.

"எங்க கெடை எங்க கெடக்குதோ அங்கயே ஒங்க அடுப்பையும் போடுங்கண்ணே."

வெள்ளைக் கோட்டை மடித்து வைத்துவிட்டு வந்தவன்தான். வண்டிக்காரர்களுக்குச் சோறு போட ஆரம்பித்து, இன்று திகனைச் சந்தியில் என் கடையில் மீன் குழம்பு கிடைக்கவில்லையென்றால் சண்டைக்கு வருகிறார்கள். சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் திகனை என்கிறேன். நாகப்பட்டினம் வாயில் வருவதில்லை.

நீ போனது மாசியில். கட்டிலில், பிள்ளைகள் சுற்றி நிற்க, பேரன் ஏதோ சொன்னதற்குச் சிரித்துக்கொண்டு போனாய். கொடுத்துவைத்த சாவு என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஆனாலும் மாலை நேரங்களில் எனக்குப் பேச்சுத் துணை இல்லை. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிரட்டலில் புளி கூடினாலும் சொல்ல ஆள் இல்லை. ஹந்தானையில் இப்போது தேயிலைக் கன்று நடுகிறார்களாம். அது எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க நீ இருந்திருக்கலாம்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஆடு மேய்க்கும் வித்தை இல்லை. இன்றும் எனக்கு ஆட்டைக் கண்டால் ஆகாது. வந்து நிற்கிறவன் வாய் திறப்பதற்கு முன்னால் அவன் இலையில் சோறு விழ வேண்டும் என்ற அவசரம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. கடையில் வேலை செய்கிறவர்கள் இதை என் கிறுக்கு என்று பேசிக்கொள்கிறார்கள்.

கடைக்குப் பின்னால் உம்மாவின் மகன் எனக்குக் கொஞ்சம் காணி விட்டுத் தந்திருக்கிறான். கத்தரியும் மிளகாயும் போடலாம் என்று இருக்கிறேன். மண் இளைத்துக் கிடக்கிறது. இன்று உன் மகன் அதில் கிடை இறக்கியிருக்கிறான், என் மண்ணில் முதல் தடவையாக. உன் மனைவியும் கூட வந்திருக்கிறாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சன்னல் வழியாகத் தெரிகிறது, படல்கள் நின்றுவிட்டன, ஆடுகள் அடங்கிவிட்டன. அவள் மரத்தடியில், என் கண்ணில் படும்படியாக வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் கேட்க மாட்டாள். உலை கொதித்துவிட்டது. நான் எழுந்திருக்கிறேன்.